கில்லவரிக் கட்டடத்தை நான் ஏன் ஒப்படைக்கவில்லை

கோப்பையில் பாலை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் தேநீர் ஊற்றுகிற ஆட்களோடு எனக்கு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. நீங்கள் அப்படிச் செய்யவில்லை. அதனால் நாம் நிம்மதியாகப் பேசலாம்.

டப்ளினிலிருந்து இந்த மழையில் இவ்வளவு தூரம் காரோட்டி வந்திருக்கிறீர்கள். மடியில் தடிமனான கோப்பு இருந்தாலும் அதில் ஒரே ஒரு கேள்விதான் என்று சிஸ்டர் கோலம்பா சொன்னார். அரசாங்கத்துக்குத் தருவதாக எழுதிக்கொடுத்த கட்டடம் பதினேழு வருடமாக ஏன் பூட்டிக் கிடந்தது, அதற்கு யார் பதில் சொல்வது என்பதுதான் அது. நியாயமான கேள்வி. நானே உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

முதலில் ஒன்று. சிஸ்டர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். இந்தக் கன்னியர் சபையில் இப்போது ஐந்து பேர்தான் மிச்சம். அதில் இளையவருக்கே எழுபத்தொன்பது. அவர்களுக்கு எது எங்கே இருக்கிறதென்று தெரியாது. சபையின் நிலம், வீடு, வாடகை, கூரை எல்லாவற்றையும் நாற்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான். மலாக்கி டெவனி, வயது எழுபத்தெட்டு. முழங்கால் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

நீங்கள் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள். சாம்பல் கல், மூன்று மாடி, நாற்பத்திரண்டு ஜன்னல்கள். அறுபத்தொன்பதாம் வருடம் வரை அங்கே ஏழைப் பெண்பிள்ளைகளை நீதிமன்றம் அனுப்பி வைத்தது. பள்ளிக்கூடம் என்றுதான் பெயர். பாடத்தைவிட சலவைதான் அதிகம் நடந்தது. உள்ளே என்னென்ன நடந்ததென்று விசாரணை ஆணையம் தடிதடியாக எழுதி வைத்திருக்கிறது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கிழவிகளான பிறகு அரசாங்கம் நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. அதில் தங்கள் பங்காகச் சபைகள் கட்டடங்களைத் தர ஒப்புக்கொண்டன. எங்கள் சபை கில்லவரியைத் தந்தது. இருபத்திரண்டு சிறு வீடுகளாகப் பிரித்து, அங்கே வளர்ந்து இன்று தங்க இடமில்லாமல் இருப்பவர்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம். செய்தித்தாளில் படம்கூட வந்தது. ஓரத்தில் டை கட்டிக்கொண்டு நிற்பது நான்.

டிம்ப்னா கரிஹியும் அட்ராக்டா ஃபாயும் அப்படித்தான் எனக்கு அறிமுகமானார்கள். இருவரும் சிறு வயதில் அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள். வீட்டுக்குப் பெயர் கொடுத்திருந்த முப்பத்தொரு பேரின் சார்பில், மாதத்தின் முதல் வியாழக்கிழமை என் அலுவலகத்துக்கு வருவார்கள். அட்ராக்டா குள்ளம், குரல் மட்டும் பெரிது. லண்டனில் முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவள். டிம்ப்னா உயரம், ஒல்லி. பேச்சு குறைவு. உட்காரும்போது எப்போதும் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் உட்காருவாள். ஆப்பிள் டார்ட் அவள் செய்து கொண்டுவருவாள். அதைப் போல இந்த மாவட்டத்தில் யாரும் செய்ததில்லை. நான் கிரீம் வாங்கி வைப்பேன். மாதத்தில் அந்த ஒரு காலைப்பொழுது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமானது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வியாழக்கிழமையே அட்ராக்டா திட்டத்தை விரித்து வைத்தாள்.

"கீழ இருக்குற பெரிய ரூமை யாருக்கும் குடுக்கப்போறதில்ல. அது எங்க எல்லாருக்கும் பொது. இங்க யாரு என்ன செஞ்சாங்கன்னு எழுதி, ஃபோட்டோ கிடைச்சா ஃபோட்டோவும் போட்டு சுவர்ல மாட்டப்போறோம். அடிச்சவங்க மட்டும் இல்ல. பாத்துக்கிட்டே நின்ன டாக்டர், ரொட்டி கொண்டுவந்து போட்டவன், ஓடிப்போனவங்களைப் புடிச்சுட்டு வந்த வேன்காரன், ஒருத்தனையும் விடமாட்டோம்."

"வேன்காரன் பேரே நமக்குத் தெரியாதே" என்றாள் டிம்ப்னா.

"தெரிஞ்சுக்கலாம்டி. சின்ன ஊருதானே. பேங்க், போஸ்டாபீஸ், சர்ச் மூணுலயும் ஒரே மூஞ்சிங்கதான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். இன்னொரு துண்டு டார்ட் எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு அறை மனதுக்கு நல்லதில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியது. காலியாக இருக்கிற கட்டடம் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதில் ஆட்கள் குடியேறிவிட்டால், ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மிகச் சாதாரண விஷயங்கள். முதல் இரண்டு வருடம் வரைபடத்தில் போயிற்று. எல்லைக்கோடு சிவப்பில் இருக்க வேண்டும். நான் அனுப்பியதில் ரோஜா நிறத்தில் இருந்தது. திருத்தி அனுப்பியபோது பழைய கோழிக்கொட்டகை இருந்த மூலை விடுபட்டிருந்தது. உங்கள் துறையில் ஒவ்வொரு முறையும் புதிய ஆள் உட்கார்ந்திருப்பார். அவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும், நானும் முகம் சுளிக்காமல் சொல்வேன். உங்கள் ஆட்களோடு எனக்கு எந்த மனஸ்தாபமும் இருந்ததில்லை.

பிறகு வழிப் பாத்தியதை. பக்கத்துப் பண்ணைக்காரர் டைக் ஹன்ராட்டி பின்பக்கச் சந்து வழியாகத்தான் பசுக்களை ஓட்டிப் போவார். அது அவருடைய உரிமை என்பது அவருக்கே தெரியாது. நான்தான் ஒருநாள் சந்தையில் பார்த்துச் சொன்னேன். அவர் வக்கீல் வைத்தார். வக்கீல் ஐந்து வருடம் எடுத்துக்கொண்டார். அந்தப் பசுக்களில் பாதி கடிதங்கள் முடிவதற்குள் செத்தே போய்விட்டன.

"மாட்டுக்கு இருக்குற ரைட்டு மனுசிக்கு இல்லியா?" என்று அட்ராக்டா கேட்டாள். "பேசாம நாங்க ரெண்டு பேரும் கழுத்துல மணி கட்டிக்கிட்டு வரோம் மலாக்கி. உள்ள விடுவாங்களா பாப்போம்."

நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். டிம்ப்னாகூட லேசாகச் சிரித்தாள்.

அதுவும் தீர்ந்தபோது பரணில் வௌவால்கள் இருந்தன. பதினோரு வௌவால்கள், நானே எண்ணினேன். எண்ணிவிட்டு வனவிலங்குத் துறைக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். கோடையில் குட்டி போடுவதால் அவற்றைத் தொடக்கூடாது. குளிர்காலத்தில் தூங்குவதால் தொடக்கூடாது. இடையில் கிடைக்கிற சில வாரங்களில் ஒப்பந்தக்காரர் கிடைக்கமாட்டார். ஒவ்வொரு வருடமும் அரசாங்கம் வெளியிடுகிற பட்டியலில் கில்லவரிக்கு நேராக "ஒப்படைப்பு நடைபெறுகிறது" என்று இருக்கும். அது பொய் இல்லை. நடைபெற்றுக்கொண்டுதான் இருந்தது.

முப்பத்தொன்று பதினெட்டாயிற்று, பிறகு பன்னிரண்டு, பிறகு ஒன்பது. ஒருத்தி பர்மிங்ஹாமில் ஒரு விடுதிக் கட்டிலில் இறந்தாள். இன்னொருத்தி மகள் வீட்டுச் சோபாவில். இரண்டு பேரைப் பற்றி என்ன ஆனார்களென்றே தகவல் இல்லை. தெரிந்த எல்லாச் சாவுக்கும் நான் பூ அனுப்பினேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதையும் விசாரித்துப் பாருங்கள், பூக்கடைக்காரி சொல்வாள்.

அட்ராக்டாவின் வேடிக்கைப் பேச்சு மட்டும் குறையவே இல்லை. "சீக்கிரம் சாவியைக் குடு மலாக்கி. லேட்டானா ஒரே ரூமு போதும் எங்களுக்கு, அதுவும் ஆறடிக்கு மூணடி."

பதினைந்தாவது வருடம் சோர்ஹா டூயி வந்தாள். துறையின் புதிய அதிகாரி, முப்பது வயதுகூட இருக்காது. முந்தைய அதிகாரிகள் எல்லாரும் கடிதம் எழுதினார்கள். இவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு டார்ச்சோடு வந்து நின்றாள். பரணில் ஏறினாள். வௌவால் நிபுணரை அழைத்து வந்து, பழைய சலவைக்கூடத்தின் மேல் வௌவால்களுக்குத் தனிப் பரண் கட்டவைத்தாள். வரைபடத்தைத் தன் கையாலேயே வரைந்தாள். ஐந்து மாதத்தில் எல்லா வில்லங்கமும் தீர்ந்தது. மே மாதம் முதல் தேதி சாவி ஒப்படைப்பு என்று கடிதம் வந்தது. அவள்மேல் எனக்கு மரியாதைதான். வேலை தெரிந்த ஆள்.

அந்த டிசம்பரில் அவரவர் தங்கள் அறையைத் தேர்ந்தெடுக்க வந்தார்கள். டிம்ப்னா யோசிக்காமல் இரண்டாம் மாடி, கிழக்கு மூலைக்குப் போய் நின்றாள்.

"இங்கதான் என் கட்டில் இருந்துச்சு. பதிமூணாம் நம்பர்."

"ஏன்டி, உனக்கு உலகத்துல வேற இடமே கிடைக்கலையா?" என்றாள் அட்ராக்டா.

"இந்தக் கதவுக்கு உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் வேணும். நானே போடணும், நானே திறக்கணும். அப்படி ஒரே ஒரு ராத்திரி தூங்கிட்டாப் போதும் எனக்கு. மத்ததெல்லாம் அப்புறம்."

ஜன்னலுக்கு மஞ்சள் திரை போடப்போவதாகச் சொல்லி அளவெடுத்தாள். அளவு நாடாவின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். நாலடி இரண்டங்குலம்.

ஜனவரி மூன்றாம் வாரம் கடுங்குளிர் வரப்போவதாக வானொலியில் சொன்னார்கள். திங்கட்கிழமை காலைப் பூசை முடிந்து, இரண்டு ஹாம் சாண்ட்விச்சும் பிளாஸ்கில் தேநீரும் எடுத்துக்கொண்டு கில்லவரிக்குப் போனேன். நல்ல வெயில். உறைபனிக்குப் பயந்து குழாய்களையெல்லாம் பல வருடத்துக்கு முன்பே நானே வடித்து வைத்திருந்தேன். அன்றைக்குத் தெருக்குழாய் வால்வைத் திறந்து, தொட்டி நிறையும்வரை காத்திருந்து, மூன்று மாடிக் குழாய்களிலும் தண்ணீர் ஏறியதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு பரணில் இருந்த ஆறு கூரை ஜன்னல்களையும் அகலத் திறந்து வைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெளியே பூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஏதோ ஒரு மெட்டை விசில் அடித்துக்கொண்டே வந்தேன் என்று நினைக்கிறேன். அது என் பழக்கம்.

ஐந்து நாள் உறைந்தது. ஆறாம் நாள் உருகியதும், உறைந்து வெடித்திருந்த குழாய்களிலெல்லாம் தண்ணீர் கொட்டியது. ஒன்பது நாள் கழித்துத்தான் நான் அதைக் "கண்டுபிடித்தேன்". அதற்குள் மூன்று மாடியின் கூரைப்பூச்சும் தரைக்கு வந்திருந்தது. கிழக்கு மூலை அறையில் தரையே இல்லை, கீழே இருந்த அறைதான் தெரிந்தது. மீதியை மரத்தைத் தின்னும் பூஞ்சை முடித்துவைத்தது. குடியிருக்கத் தகுதியற்றது என்று பொறியாளர் எழுதினார். அரசாங்கம் கட்டடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "சபை தர முன்வந்தது, அரசு ஏற்கவில்லை" என்று ஆண்டறிக்கையில் ஒரே வரி. பாருங்கள், அதிலும் பொய் இல்லை.

சோர்ஹா முன்கூடத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்று அழுதாள். என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

"மிஸ்டர் டெவனி, இதுல உங்க மனசு என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியுது. பதினஞ்சு வருஷ உழைப்பு உங்களுது."

"பரவாயில்லம்மா, நாம நம்மால ஆனதைச் செஞ்சோம்" என்றேன். இரண்டு மாதத்தில் அவளை மீன்வளத்துறைக்கு மாற்றிவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாள்.

டிம்ப்னா ஒரு குதிரைப் பந்தயக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். அந்த இலையுதிர்காலத்தில் கடைக்காரர் கட்டடத்தை விற்றார். அதே மாதம் அவளுக்கு லேசான பக்கவாதம், இடது கை மரத்துப்போயிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. மாவட்டம் முழுக்கத் தேடியதில் ஒரே ஒரு இடத்தில்தான் கட்டில் காலியாக இருந்தது. எங்கள் சபை நடத்துகிற முதியோர் இல்லம்.

அட்ராக்டா என் அலுவலகத்துக்கு வந்து கத்தினாள். அன்று வியாழக்கிழமை இல்லை. "அவ பாலத்துக்கு அடியில வேணாப் படுப்பா, கன்னியாஸ்திரிங்க இருக்குற வீட்டுல படுக்கமாட்டா! உனக்குத் தெரியாதா மலாக்கி? தெரிஞ்சும் நீயே அந்தக் கட்டிலைக் கேட்டு வாங்கியிருக்கியே!"

கேட்டு வாங்கியது உண்மைதான். அந்தக் கட்டிலுக்கு நான்கு பேர் காத்திருந்தார்கள், நான் ஒரு வார்த்தை சொன்னதால்தான் அவளுக்குக் கிடைத்தது. உதவி செய்கிறவனுக்குத் திட்டும் சேர்ந்தே வருகிறது. ஆம்புலன்ஸ் கிடைக்கவில்லை என்றதும் நானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னேன்.

பதினோரு மைல். மதிய நேரம், மழை விட்டு வானவில் தெரிந்தது. நான் காட்டினேன். அவள் பார்க்கவில்லை. கல்குவாரி வளைவில் நான் வேகத்தைக் குறைத்தபோதுதான் வாயைத் திறந்தாள். அதுவரை என்னை மிஸ்டர் டெவனி, நீங்க, வாங்க என்றே பேசி வந்தவள்.

"அன்னிக்கும் நீ இந்த வளைவுல ஸ்லோ பண்ணே."

"என்னைக்கு?"

"அறுபதாம் வருஷம். எனக்குப் பதினாலு வயசு. ராவோட ராவா நடந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டேன். விடிஞ்சதும் நீ வேனை எடுத்துக்கிட்டு வந்தே. பத்தொம்பது இருபது வயசு இருக்கும் உனக்கு. 'வாம்மா, உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க'ன்னே. நான் நம்பி ஏறினேன்."

அந்த வேனை நான்தான் ஓட்டினேன். இரண்டரை வருடம் ஓட்டினேன். மொத்தம் பதினான்கு பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் விட்டுவிட்டு வேனைக் கழுவப் போய்விடுவேன். அதன்பிறகு உள்ளே என்ன நடக்குமென்று நான் பார்த்ததில்லை. டிம்ப்னாவின் தலையை மொட்டையடித்து, நிலக்கரி அறையில் பதினோரு நாள் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதை ஆணையத்தின் அறிக்கையில்தான் படித்தேன்.

"எப்போ உனக்குத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"முதல் வியாழக்கிழமையே. நீ சிரிச்சியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"பின்ன ஏன் சொல்லல? அட்ராக்டாகிட்டகூட?"

"சாவி உன் கையில இருந்துச்சே."

பதினாறு வருடம் வாயைத் திறக்காமல் எனக்கு டார்ட் செய்து கொண்டுவந்திருக்கிறாள். அவள் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்த அறையில் என் படமே இல்லாமல் பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருப்பேன், அவளும் ஒத்துக்கொண்டிருப்பாள், சாவியும் எப்போதோ கைமாறியிருக்கும். இந்தத் தாமதத்தில் அவள் பங்கும் இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

"குழாயைத் திறந்துவிட்டதும் நீதான், இல்லியா?" என்றாள்.

"ஆமா" என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது. யாரும் நேராகக் கேட்டதில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு முன்னால் அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்.

"சொல்லும்போதும் சிரிச்ச மூஞ்சிதான் உனக்கு" என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இல்லத்தின் வாசல் கதவு எண் போட்டால்தான் திறக்கும். எண் பணியாளர்களுக்கு மட்டும் தெரியும். வயதானவர்கள் சாலையில் இறங்கிவிடக் கூடாதே, அதற்காக. சிஸ்டர் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நாலு மாதம் இருந்தாள். அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கேட்டாளாம். விதியில் இடமில்லை. பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டாள். அதற்கு முன்னால் அட்ராக்டாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அட்ராக்டா உங்களுக்கு எழுதியிருக்கிறாள். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள், நானும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கட்டடம் காலியாகக் கிடந்ததற்கு வரைபடமோ பசுவோ வௌவாலோ காரணமில்லை. மலாக்கி டெவனிதான். வேண்டுமென்றே செய்தேன். முப்பத்தொரு பேரில் இன்று உயிரோடு இருப்பது ஆறு பேர், அவர்களில் ஒருத்திக்கும் அங்கே ஒரு கதவு கிடைக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று காட்டினால் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். டிம்ப்னாவை நான் இரண்டு முறை இழுத்துக்கொண்டு போய் அடைத்ததாக அட்ராக்டாவின் கடிதத்தில் இருக்கிறதாம். அது தப்பு. இரண்டு முறையும் நான் வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன், அவளேதான் ஏறி உட்கார்ந்தாள். வழியில் ஒரு கீறல்கூட விழாமல் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.